பிரின்ஸ் ‘சைன் ஓ தி டைம்ஸ்’ சூப்பர் டீலக்ஸ்: மைல்ஸ் டேவிஸுக்காக வாங்கலாமா?

அமெரிக்க ஃபங்க் பாடகர் பிரின்ஸும் ஜாஸ் ட்ரம்பெட் கலைஞர் மைல்ஸ் டேவிஸும் சேர்ந்து ஒரு பாட்டுப் பதிவு செய்து, அதை வெளியிடாமலே வைத்துவிட்டார்கள் என்ற செய்தி ஃபங்க் கேட்பவர்களுக்குப் பல வருடங்களாகத் தெரியும். பாட்டையே கேட்டவர்களும் உண்டு. ஆனால் அது பிரதிக்குப் பிரதி எடுத்த பூட்லெக் (அனுமதியில்லாத) டேப்பில், இரைச்சலோடு. அதன் ஒழுங்கான பதிவு 2020 செப்டம்பர் 25 அன்று ‘சைன் ஓ தி டைம்ஸ்’ ஆல்பத்தின் சூப்பர் டீலக்ஸ் பெட்டியில் வந்தது. வெளியிட்டவர்கள் வார்னர் ரெக்கார்ட்ஸும் பிரின்ஸ் எஸ்டேட்டும் (அவர் விட்டுச்சென்ற சொத்துகளை நிர்வகிக்கும் அமைப்பு).

பெட்டியை மைல்ஸ் பெயரைப் பார்த்தே வாங்குபவர்கள் உண்டு. அந்தப் பாட்டு கட்டாயம் கேட்க வேண்டியதுதான். ஆனால் இரண்டு பேர் உண்மையில் சேர்ந்து இசை செய்தால் எப்படி இருக்கும் என்று தெரிய வேண்டுமானால், இந்தப் பெட்டியில் அது வேறு இடத்தில் இருக்கிறது. அதையும் காட்டுவதற்குத்தான் இந்த விமர்சனம்.

முதலில் உள்ளே என்ன இருக்கிறது என்று பார்த்துவிடலாம். சிடி பதிப்பில் 8 சிடியும் 1 டிவிடியும். எல்பி (வினைல்) பதிப்பில் 13 தட்டுகளும் அதே டிவிடியும். மொத்தம் 92 ட்ராக். அவற்றில் 63 அதற்கு முன் வெளிவராதவை. முதல் இரண்டு சிடியில் 1987 ஆல்பத்தின் ரீமாஸ்டர், அதாவது மூலப் பதிவின் ஒலியைப் புதிதாகச் செம்மை செய்தது. மூன்றாவதில் சிங்கிள்களுக்காகச் செய்த மிக்ஸ்களும் பி-சைடுகளும் (சிங்கிள் தட்டின் மறுபக்கப் பாட்டுகள்). நான்கு, ஐந்து, ஆறு ஆகியவை பிரின்ஸ் தன் பதிவுகளைச் சேர்த்து வைத்திருந்த பெட்டகத்திலிருந்து எடுத்த பாட்டுகள். ஏழும் எட்டும் 1987 ஜூன் 20 அன்று நெதர்லாந்தின் உட்ரெக்ட் நகர ஸ்டேடியத்தில் நடந்த கச்சேரி. டிவிடியில் 1987 டிசம்பர் 31 இரவு பிரின்ஸின் ஸ்டுடியோ வளாகமான பெய்ஸ்லி பார்க்கில் நடந்த புத்தாண்டுக் கச்சேரி. இவற்றோடு 120 பக்கக் கெட்டி அட்டைப் புத்தகம் ஒன்றும் உண்டு.

வாங்கும்போது பலர் தவறுவது இங்கேதான். ஒரே அட்டைப்படத்தோடு மூன்று பதிப்புகள் விற்பனையில் இருக்கின்றன. ‘ரீமாஸ்டர்டு’ என்பது ஆல்பம் மட்டும், 2 சிடி. ‘டீலக்ஸ்’ என்பது 3 சிடி: ஆல்பமும் சிங்கிள் மிக்ஸ்களும். இதில் பெட்டகப் பாட்டு ஒன்றுகூட இல்லை, மைல்ஸும் இல்லை. ‘சூப்பர் டீலக்ஸ்’ என்று போட்டிருப்பதில் மட்டுமே நான்கு முதல் ஆறு வரையிலான சிடிகள் வரும். கடைகளின் இணையப் பக்கத்தில் ‘சூப்பர்’ என்ற சொல் தலைப்பில் விடுபட்டுப் போவதுண்டு. அதனால் தட்டு எண்ணிக்கையைப் பார்த்து வாங்குங்கள். 8 + 1 இருந்தால்தான் நீங்கள் தேடுவது.

இப்போது மைல்ஸ். பாட்டின் பெயர் ‘கேன் ஐ ப்ளே வித் யூ?’, நான்காவது சிடியில் நான்காவது ட்ராக். கொலம்பியா இசை நிறுவனத்தை விட்டு மைல்ஸ் வார்னருக்கு வந்த சமயம் அது. 1985 டிசம்பரில் பிரின்ஸ் ட்ராக்கைத் தானே செய்து டேப்பை அனுப்பினார். 1986இல் மைல்ஸ் அதன்மேல் ட்ரம்பெட் வாசித்துச் சேர்த்தார். மைல்ஸின் ‘டூட்டூ’ ஆல்பத்துக்காக வைத்திருந்த பாட்டு இது. அந்த ஆல்பத்தின் மற்ற பாட்டுகளைக் கேட்டபின், இது அவற்றோடு சேராது என்று பிரின்ஸே திரும்ப வாங்கிக்கொண்டார்.

கேட்டால் அவர் முடிவு சரி என்றே தோன்றுகிறது. ‘டூட்டூ’வில் பாஸ் கிட்டார் கலைஞர் மார்கஸ் மில்லர் பெரும்பாலான வாத்தியங்களைத் தானே வாசித்து, ட்ரம்பெட்டுக்கென்று இடம் விட்டுவிட்டுக் கட்டியிருப்பார். பாஸ் ஒரு வரி சொல்லி நிற்கும், அந்த இடைவெளியில் மைல்ஸ் பேசுவார். பிரின்ஸின் ட்ராக்கில் அந்த இடைவெளி இல்லை. கிட்டார், சிந்தசைசர், குரல் எல்லாம் முன்னால் வந்து நிற்கின்றன. எரிக் லீட்ஸின் சாக்ஸபோனும் ட்ரம்பெட்டுக்குப் பக்கத்து ஸ்தாயியில் ஓடுகிறது. மைல்ஸ் எங்கே வாசித்தாலும் யாரோ ஒருவர் ஏற்கெனவே அங்கே இருக்கிறார். குரல் கேள்வி கேட்பதுபோல் நிற்கும் இடங்களில் மட்டும் ட்ரம்பெட் பதில் சொல்லித் தப்பிக்கிறது. அந்தச் சில நொடிகள் அபாரம். தாளம் நன்றாக ஓடுகிறது, துள்ளல் இருக்கிறது. ஆனால் எதிரெதிரே உட்கார்ந்து ஒருவர் வாசிப்பதைக் கேட்டு மற்றவர் மாறுகிற வேலை இதில் இல்லை. டேப் தபாலில் போய்த் திரும்பி வந்த பாட்டு இது, அப்படித்தான் ஒலிக்கிறது.

இதை ஹெட்ஃபோனில் கேட்பது நல்லது. சின்ன ஸ்பீக்கரில் நடுப்பகுதி அலைவரிசைகள் ஒன்றோடொன்று கலந்து ட்ரம்பெட் பாதி காணாமல் போய்விடும். முதல் தடவை ட்ரம்பெட்டை மட்டும் பின்தொடருங்கள். இரண்டாம் தடவை சாக்ஸை மட்டும். மூன்றாம் தடவை இரண்டையும் சேர்த்துக் கேட்டால் எங்கே இடிக்கிறது என்பது தெளிவாகப் புரியும். கையோடு ‘டூட்டூ’வில் உள்ள ‘ஃபுல் நெல்சன்’ பாட்டையும் கேட்டுவிடுங்கள். பிரின்ஸ் பாட்டுக்கும் மற்றவற்றுக்கும் பாலமாக இருக்கட்டும் என்று மார்கஸ் மில்லர் எழுதியது அது. பிரின்ஸின் குடும்பப் பெயர் நெல்சன். பாட்டு போய்விட்டது, பாலம் மட்டும் ஆல்பத்தில் தங்கிவிட்டது.

இருவரும் ஒரே மேடையில் நிற்பதைப் பார்க்க டிவிடியைப் போட வேண்டும். புத்தாண்டுக் கச்சேரியின் கடைசிப் பகுதியில், ‘இட்ஸ் கோனா பி எ பியூட்டிஃபுல் நைட்’ நீண்டுகொண்டே போகும்போது மைல்ஸ் மேடைக்கு வருகிறார். சில நிமிடங்கள்தான். ஆனால் ஸ்டுடியோ பாட்டில் கிடைக்காதது இங்கே கிடைக்கிறது: இசைக்குழு ஒலியைக் குறைத்து அவருக்கு வழிவிடுகிறது. ட்ரம்ஸில் ஷீலா ஈ, பாஸில் லீவை சீசர். இரண்டு பேரும் ஒரே பிடியைப் பிடித்துக்கொண்டு அசையாமல் நிற்க, அதன்மேல் ட்ரம்பெட் நடக்கிறது. மைல்ஸை எதிர்பார்த்து நேராகக் கடைசிக்குத் தள்ளிவிடாதீர்கள். அந்தப் பாட்டை முதலிலிருந்து பார்த்தால்தான், பிரின்ஸ் கையசைவிலும் ஒற்றைச் சொல்லிலும் குழுவை எப்படித் திருப்புகிறார் என்பது பிடிபடும். மைல்ஸ் வந்து சேர்வதும் அந்தச் சைகை மொழிக்குள்தான். படத்தின் தரத்தில் பெரிய எதிர்பார்ப்பு வேண்டாம். அந்தக் கால வீடியோப் பதிவு, அதுவும் டிவிடியில். பெரிய 4கே திரையில் ஓரங்கள் மழுங்கித் தெரியும். டிவியின் ‘ஷார்ப்னஸ்’ அளவைக் கூட்டினால் இன்னும் மோசமாகும், குறைத்து வைத்துப் பாருங்கள்.

ஆறாவது சிடியில் நடக்காமல் போன இரண்டு கூட்டணிகளின் மிச்சம் இருக்கிறது. சிடியைத் திறக்கும் ‘எமோஷனல் பம்ப்’, பாடகி ஜோனி மிட்செலுக்காகப் பிரின்ஸ் செய்து அனுப்பியது. பிரின்ஸ் சிறுவயதிலிருந்தே அவருடைய ரசிகர். இதைத் தன்னால் பாட முடியாது என்று ஜோனி மறுத்துவிட்டார். கேட்டுப் பார்த்தால் ஜோனியின் மெட்டு வளைவுகளுக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. நேரான, உடம்பை ஆட்டுகிற ஃபங்க். பிரின்ஸ் பாட்டாக நல்ல பாட்டு, அவ்வளவுதான்.

அதே சிடியில் ‘ஐ நீட் எ மேன்’, ‘ப்ராமிஸ் டு பி ட்ரூ’, ‘ஜெலஸ் கேர்ள்’, ‘தேர்ஸ் சம்திங் ஐ லைக் அபௌட் பீயிங் யுவர் ஃபூல்’ என்று அடுத்தடுத்து நான்கு பாட்டு, பானி ரைட்டுக்காகச் செய்தவை. வார்னர் கைவிட்டிருந்த நேரத்தில் ப்ளூஸ் பாடகி பானியைத் தன் ஸ்டுடியோவின் பெயரே கொண்ட லேபிளான (இசை வெளியீட்டு நிறுவனம்) பெய்ஸ்லி பார்க்குக்கு அழைத்தார் பிரின்ஸ். அது நடக்காமல் போனதற்கு ஒரு காரணம் தொழில் சார்ந்தது: பாடகி வருவதற்கு முன்பே ட்ராக்குகளைப் பதிவு செய்து வைத்துவிட்டார், அவற்றின் சுருதி பானியின் குரலுக்கு ஒத்துவரவில்லை. டேப்பில் பதிந்த ட்ராக்கைச் சுருதி மாற்ற வேகத்தை மாற்ற வேண்டும், வேகம் மாறினால் தாளமும் வாத்திய ஒலியும் சேர்ந்தே மாறும். இல்லையென்றால் எல்லாவற்றையும் மறுபடி வாசிக்க வேண்டும். வேறொருவர் பாட ட்ராக் செய்கிறவர்கள் முதலில் அவருடைய சுருதியைக் கேட்டுக்கொள்வது இதற்காகத்தான். பானி பிறகு வேறு நிறுவனத்தில் 1989இல் ‘நிக் ஆஃப் டைம்’ ஆல்பத்தை வெளியிட்டு கிராமி வாங்கினார். இங்கே இருப்பது பானியின் குரல் அல்ல, பிரின்ஸ் பாடியது. பானி ரைட் டூயட் என்று நினைத்து வாங்குபவர்கள் ஏமாறுவார்கள்.

பெட்டியின் உண்மையான கூட்டுவேலை நான்காவது சிடியில் இருக்கிறது. வெண்டி மெல்வாய்ன், லிசா கோல்மன் என்ற இரண்டு பேரின் வேலை அது. பிரின்ஸின் ‘ரெவல்யூஷன்’ குழுவில் கிட்டாரும் கீபோர்டும் வாசித்தவர்கள். 1986இல் இவர்களோடு சேர்ந்து ‘ட்ரீம் ஃபேக்டரி’ என்று ஒரு ஆல்பம் உருவாகிக்கொண்டிருந்தது. அந்த வருடம் அக்டோபரில் குழுவைப் பிரின்ஸ் கலைத்தார், ஆல்பமும் நின்றது. இந்த சிடியில் ‘விஷன்ஸ்’ என்று ஒரு பியானோத் துண்டு இருக்கிறது. லிசா தனியாக வாசித்தது. ‘கலர்ஸ்’ என்று ஒரு கிட்டார்த் துண்டு, வெண்டி தனியாக வாசித்தது. தன் பெயரில் வரவிருந்த ஆல்பத்தில் தான் ஒரு ஸ்வரம்கூட வாசிக்காத இரண்டு ட்ராக்குக்குப் பிரின்ஸ் இடம் வைத்திருந்தார் என்றால், இந்த இரண்டு பேர்மேல் அவருக்கு எவ்வளவு நம்பிக்கை இருந்தது என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

‘ஸ்ட்ரேஞ்ச் ரிலேஷன்ஷிப்’ பாட்டை வைத்து இதைக் காதாலேயே சோதிக்கலாம். முதலில் ஆல்பத்தில் உள்ள 1987 வடிவத்தைக் கேளுங்கள், பிறகு நான்காவது சிடியில் உள்ள மூல வடிவத்தை. மூல வடிவத்தில் வெண்டியும் லிசாவும் சாம்ப்ளர் கீபோர்டு (பதிந்து வைத்த ஒலிகளை வாசிக்கும் கருவி) வழியாகச் சேர்த்த சிதார் ஒலியும் புல்லாங்குழல் ஒலியும் தாராளமாகக் கேட்கும். குழு கலைந்தபின் பிரின்ஸ் பாட்டைத் திரும்ப எடுத்து, அவர்கள் பங்கில் நிறையக் கழித்துவிட்டு, தன் குரலை உயர்த்தி வெளியிட்டார். எலும்பு ஒன்றுதான். ஆனால் மூல வடிவத்தில் பாட்டு அகலமாக மூச்சு விடுகிறது, வெளிவந்ததில் இறுகிப்போய் நிற்கிறது. எனக்கு இரண்டும் வேண்டும். ஆனால் இந்தப் பெட்டியின் விலையை நியாயப்படுத்துகிற ஒரே ஒப்பீடு எது என்று கேட்டால் இதைத்தான் சொல்வேன்.

இதோடு ‘பவர் ஃபென்டாஸ்டிக்’ ஸ்டுடியோ நேரடிப் பதிவையும் சேர்த்துக் கேளுங்கள். லிசா ஏற்கெனவே எழுதி வைத்திருந்த இசையிலிருந்து வளர்ந்த பாட்டு. பாட்டு தொடங்குமுன் பிரின்ஸ் வாசிப்பவர்களிடம் பேசுவதும் இந்தப் பதிவில் இருக்கிறது. ஒரே அறையில் இல்லாவிட்டாலும் ஒரே நேரத்தில் வாசிக்கிறவர்களின் கவனம் ஒவ்வொரு ஸ்வரத்திலும் தெரிகிறது. மைல்ஸ் பாட்டில் இல்லாதது இதுதான்.

எரிக் லீட்ஸ் சாக்ஸிலும், அட்லாண்டா ப்ளிஸ் ட்ரம்பெட்டிலும் செய்த வேலையை அறிய ‘தி பாலட் ஆஃப் டோரதி பார்க்கர்’ ஹார்ன் சேர்த்த வடிவம் இருக்கிறது. இந்தப் பாட்டு ஏன் தண்ணீருக்கடியில் ஒலிப்பதுபோல் மங்கலாக இருக்கிறது என்று பலருக்குச் சந்தேகம். பிரின்ஸ் வீட்டு ஸ்டுடியோவில் புதிய கன்சோல் (ஒலிக் கலவை மேசை) போட்டவுடன் பதிவு செய்தது அது. கன்சோலுக்குப் போக வேண்டிய மின்சாரம் முழுதாக வரவில்லை, அதனால் மேல் அலைவரிசைகள் போய்விட்டன. ஏதோ குறைகிறது என்று இன்ஜினியர் சூசன் ராஜர்ஸுக்குத் தெரிந்தது, ஆனால் பிரின்ஸ் நிறுத்த விடவில்லை. முடிந்த பிறகே மீட்டர் வைத்துச் சோதிக்க முடிந்தது. பதிவிலேயே இல்லாத ஒலியை எந்த ரீமாஸ்டரும் கொண்டுவர முடியாது. பெர்னி க்ரண்ட்மன் செய்திருக்கும் ரீமாஸ்டரிலும் அந்த மங்கல் அப்படியே இருக்கிறது, இருக்கவும் வேண்டும். ட்ரெபிளைத் திருகி அதைச் சரிசெய்யப் பார்க்காதீர்கள், இரைச்சல்தான் ஏறும்.

குறைகளும் உண்டு. பெட்டகப் பாட்டுகளை ஏறத்தாழப் பதிவான காலவரிசையில் அடுக்கியிருக்கிறார்கள். ஆவணம் என்ற வகையில் அது சரி. ஆனால் பிரின்ஸ் வெளியிடாமல் விட்ட ‘ட்ரீம் ஃபேக்டரி’யையோ ‘கமீல்’ ஆல்பத்தையோ அப்படியே கேட்க வழியில்லை. ஏற்கெனவே வெளிவந்த பாட்டுகளை மறுபடி சேர்க்கவும் இல்லை. ‘ட்ரீம் ஃபேக்டரி’ பாட்டு, ‘மூவி ஸ்டார்’, ‘க்ரிஸ்டல் பால்’ முழு வடிவம் எல்லாம் 1998 ‘க்ரிஸ்டல் பால்’ தொகுப்பில்தான் இருக்கின்றன. பெட்டியில் ‘க்ரிஸ்டல் பால்’ சுருக்கிய 7 அங்குல மிக்ஸ் மட்டும்.

‘கமீல்’ என்பது டேப்பை மெதுவாக ஓடவிட்டுப் பாடி, பிறகு சாதாரண வேகத்தில் ஓட்டிக் குரலைச் சின்னதாக்கிய எட்டுப் பாட்டுகள். அதைச் சேர்க்க வேண்டுமானால் இப்படிப் போங்கள்: ‘ரீபர்த் ஆஃப் த ஃப்ளெஷ்’ ஆறாவது சிடியில். ‘ஹவுஸ்க்வேக்’, ‘ஸ்ட்ரேஞ்ச் ரிலேஷன்ஷிப்’, ‘இஃப் ஐ வாஸ் யுவர் கேர்ள்ஃப்ரெண்ட்’ மூன்றும் ஆல்பத்தில். ‘ஷாக்கடெலிக்கா’ மூன்றாவது சிடியில். ‘குட் லவ்’ 1998 தொகுப்பில், ‘ராக்ஹார்டு இன் எ ஃபங்கி ப்ளேஸ்’ ‘ப்ளாக் ஆல்பம்’ சிடியில், ‘ஃபீல் யூ அப்’ 1989 ‘பார்ட்டிமேன்’ சிங்கிளின் மறுபக்கத்தில். இந்தப் பெட்டி போக இன்னும் மூன்று இடத்தில் கைவைத்தால்தான் எட்டும் சேரும். இன்னொரு பெரிய குறை, ‘சைன் ஓ தி டைம்ஸ்’ கச்சேரித் திரைப்படம் இதில் இல்லை. அதைத் தனியாகத்தான் வாங்க வேண்டும்.

சிடியிலிருந்து கணினிக்கு ஏற்றுபவர்கள் கவனிக்க வேண்டியது டேக், அதாவது கோப்போடு சேரும் பாட்டு விவரக் குறிப்பு. பெட்டியில் ஒரே பெயரில் பல ட்ராக் வருகின்றன. ‘விட்னஸ் ஃபார் த ப்ராசிக்யூஷன்’, ‘பிக் டால் வால்’, ‘எ ப்ளேஸ் இன் ஹெவன்’ ஒவ்வொன்றும் இரண்டு வடிவம். ‘ஸ்ட்ரேஞ்ச் ரிலேஷன்ஷிப்’ ஸ்டுடியோவில் மட்டுமே மூன்று. டிஸ்க் எண் டேக் விழாவிட்டால் எட்டு சிடியின் முதல் ட்ராக்குகள் வரிசையாக வந்து உட்காரும். ‘டூப்ளிகேட்’ நீக்கும் மென்பொருள் பெயரை மட்டும் பார்த்தால் மூல வடிவங்களை அழித்துவிடும். ஒவ்வொரு சிடியையும் தனி ஃபோல்டரில் எடுத்து, அடைப்புக்குறிக்குள் உள்ள வடிவப் பெயரை விடாமல் தட்டச்சு செய்யுங்கள். ஒலித்தரம் குறையாத ஃப்ளாக் வடிவில் எடுத்தால் மொத்தம் 3 முதல் 4 ஜிபி வரை ஆகும். உட்ரெக்ட் கச்சேரிக்கு ‘கேப்லெஸ்’ (இடைவெளியில்லாமல் ஓடுவது) போட்டு, ‘க்ராஸ்ஃபேட்’ (ஒரு பாட்டின் முடிவில் அடுத்ததைக் கலப்பது) அணைத்துக் கேளுங்கள். இல்லாவிட்டால் ஒவ்வொரு பாட்டுக்கு நடுவிலும் கூட்டத்தின் சத்தம் அறுந்து அறுந்து வரும்.

பாட்டு மட்டும் போதுமென்றால் ஸ்ட்ரீமிங்கில் எட்டு சிடியின் ஒலிப்பதிவும் இருக்கிறது. கிடைக்காதது டிவிடியும் புத்தகமும். அந்தப் புத்தகத்தை நான் லேசாக விட மாட்டேன். பிரின்ஸ் கையால் எழுதிய பாடல் வரிகளின் படங்கள், சூசன் ராஜர்ஸின் கட்டுரை, பதிவு நாட்களைத் தோண்டி எடுத்த டுவேன் டுடாலின் குறிப்புகள் எல்லாம் இருக்கின்றன. யார் எதில் வாசித்தார்கள் என்பதை அறிய ஸ்ட்ரீமிங் செயலியை நம்ப முடியாது, புத்தகம் வேண்டும்.

எல்பி பதிப்பை எல்லோருக்கும் சொல்ல மாட்டேன். 13 தட்டு என்றால் 26 பக்கம், சில பாட்டுக்கு ஒரு தடவை எழுந்து திருப்ப வேண்டும். வடிவங்களை மாற்றி மாற்றி ஒப்பிட்டுக் கேட்பதுதான் இந்தப் பெட்டியின் பயன், அதற்கு சிடியே வசதி. தட்டுகள் 180 கிராம் எடை கொண்டவை, தட்டு மட்டுமே 2.3 கிலோ. உறை, புத்தகம், பெட்டி எல்லாம் சேர்த்தால் கூரியரில் மூலைகள் நசுங்காமல் வருவது அபூர்வம். வெளிநாட்டிலிருந்து வரவழைப்பவர்கள் இரட்டை அட்டைப்பெட்டி கேட்டு வாங்குங்கள், சுங்க வரியையும் விலையில் கூட்டிப் பாருங்கள்.

பழைய பெட்டி வாங்குவதானால் பணம் கொடுக்குமுன் மூன்று விஷயம் பாருங்கள். டிவிடி இருக்கிறதா, அது ஓடுகிறதா என்பது ஒன்று. நான்காவதும் ஆறாவதும் சிடியில் கீறல் இருக்கிறதா என்பது இரண்டு, ஏனென்றால் எல்லோரும் திரும்பத் திரும்ப எடுத்துப் போடுவது அந்த இரண்டைத்தான். புத்தகத்தின் தையல் விட்டிருக்கிறதா என்பது மூன்று. டிவிடி இல்லாத பெட்டியைப் பாதி விலைக்குத் தந்தாலும் வேண்டாம், சிடிகளில் உள்ள ஒலிப்பதிவு முழுவதும் ஸ்ட்ரீமிங்கிலேயே கிடைக்கிறது.